சாயும் பக்கம்

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதையொட்டி ஒரு நர்சிங் பள்ளி. அந்தப் பள்ளியின் அங்கீகாரம் ரத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேராகத் தொடங்கிய வகுப்பில் ஒன்பது பேர் மிச்சம்.

அந்த ஒன்பது பேரில் மூத்தவள் ஜெபகனி. வயது முப்பத்து மூன்று. புருஷன் இறந்த பிறகு, மகள் ஷெர்லினை போர்டிங்கில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கிரேஸ்லினுக்கு இருபத்தேழுதான். மற்ற ஆசிரியைகள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாப் பாடமும் கிரேஸ்லின் தலையில் விழுந்திருந்தது. ஜெபகனி அவளை சிஸ்டர் என்பாள். அவள் ஜெபகனியை அக்கா என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. வழக்கை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். இனி ஜூன் மாதமாம்.

ஜெபகனி ஹாஸ்டலுக்குப் போய் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் ஊர் போய்விடலாம். நாலைந்து சேலைகளை மடித்து வைத்தாள். பிறகு கை ஓடவில்லை. எழுந்து வகுப்பறைக்கு வந்தாள்.

கிரேஸ்லின் தனியாக உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இதை எதுக்குத் திருத்துதீங்க? யாரு இந்த மார்க்கைப் பாக்கப் போறா?"

"நீங்க எழுதியிருக்கீங்களே அக்கா."

ஜெபகனி எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இங்க வரதுக்கு முன்னால மூணு வருஷம் ஜெபம் பண்ணினேன் சிஸ்டர். சீட்டு கிடைச்ச அன்னைக்கு, ஆண்டவர்தான் கூப்பிடுதாருன்னு நெனச்சேன். அவர் கூப்பிட்டாருன்னு சபையில எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். இப்ப ஷெர்லின் போன்ல கேக்கா, எப்பம்மா முடியும்னு. என்ன சொல்லட்டும்? கூப்பிட்டது அவர்தானா, இல்ல என் ஆசையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. நான் போயிருதேன்."

கிரேஸ்லின் பேனாவை மூடினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு.

"சிவனணைஞ்சான் அய்யாவைத் திருப்பணும். வாங்க."

"நான் கேட்டதுக்கு..."

"வாங்க அக்கா."

சிவனணைந்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராமல் ஒரு மாதமாக வார்டில் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஜெபகனி அவரை எத்தனையோ முறை திருப்பியிருக்கிறாள். அன்று அவள் மனசு பெட்டியிலேயே கிடந்தது. போய் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தள்ளினாள்.

அவர் மறுபக்கம் உருண்டார். மறுபக்கம் யாருமில்லை.

"ஏ, விழுதேன்! விழுதேன்!"

இடது கையால் மெத்தையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கிரேஸ்லின் ஓடிப்போய்த் தன் உடம்பாலேயே அவரைத் தடுத்தாள். கட்டில் விளிம்புக்கும் அவருக்கும் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

ஜெபகனிக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வருடத்தில் முதல் மாதம் படித்த பாடம். நோயாளி எந்தப் பக்கம் புரள வேண்டுமோ அந்தப் பக்கம் போய் நின்று, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளக் கூடாது. இதை அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

கிரேஸ்லின் திட்டவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். முதுகுக்கு அணைவாகத் தலையணை வைத்தாள். பிறகு பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலைக் காட்டினாள்.

"படுங்க அக்கா."

"சிஸ்டர்?"

"செருப்பைக் கழத்திட்டுப் படுங்க. வலது கையும் காலும் வராதுன்னு வச்சுக்கோங்க."

ஜெபகனி படுத்தாள். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.

கிரேஸ்லின் அவளுடைய வலப்பக்கம் நின்று முதுகைப் பிடித்துத் தள்ளினாள். விளிம்பு வந்தது. அதற்குக் கீழே தரை தெரிந்தது. ஜெபகனியின் இடது கை தானாகப் போய் கட்டில் கம்பியைப் பிடித்தது.

கிரேஸ்லின் அவளைப் பழையபடி மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, இடப்பக்கம் சுற்றி வந்தாள். குனிந்து, எட்டி, ஒரு கையால் வலது தோளையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடியும் விளிம்பு வந்தது. மறுபடியும் கை கம்பிக்குப் போனது. அதற்குள் ஜெபகனியின் முகம் கிரேஸ்லினின் வெள்ளைக் கோட்டில் மோதி நின்றது.

"எப்படி இருந்துச்சு?"

"விழுத மாதிரி இருந்துச்சு."

"ரெண்டாவது தடவை?"

ஜெபகனி யோசித்தாள். "அப்பவும் விழுத மாதிரிதான் இருந்துச்சு."

"நான் முன்னாலதானே நின்னேன்."

"நின்னீங்க சிஸ்டர். புரளும்போது அது ஒண்ணும் தெரியல. மோதின பிறகுதான் தெரிஞ்சுது."

கிரேஸ்லின் தலையாட்டினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கியிருந்த கால்களை நீட்டினாள். காலையிலிருந்து அப்போதுதான் கால் நீட்டுகிறாள்.

ஜெபகனி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப ஆண்டவரும் அப்படி முன்னால நிக்காருன்னு சொல்லுதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

கிரேஸ்லின் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"எனக்கும் இன்னும் மோதல அக்கா."

பிறகு எழுந்து, கசங்கிய விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "ஆறு மணிக்கு அவரை மறுபடி திருப்பணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதித் தாள்களைத் திருத்தப் போனாள்.

ஆறு மணிக்கு ஜெபகனி வார்டுக்கு வந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. வழக்கைப் பற்றிப் புதிதாக ஒரு சேதியும் இல்லை. சிவனணைந்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் அவரை மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்தாள். பிறகு கட்டிலைச் சுற்றிப் போய், குனிந்து, அவர் தோளில் கை வைத்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு?"

"ஜெபகனி, அய்யா."

"சாயந்தரம் என்னைக் கீழ போடப் பாத்தவளா?"

"ஆமா அய்யா."

"இப்ப எங்க நிக்கே?"

"நீங்க சாயுத பக்கம்."

அதன் பிறகும் அவர் மெத்தையைப் பிடித்த கையை விடவில்லை. பயந்துகொண்டேதான் புரண்டார்.