மலை மேல் வைத்த அதிரசம்

முன்னொரு காலத்தில், சிறிய மலை ஒன்றைச் சுற்றிக் கோட்டை கட்டிய ஒரு நாட்டைச் செண்பகராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நீதியில் குறை வைக்காதவன். சாப்பாட்டில் அதைவிடக் குறை வைக்காதவன். அவன் பிறந்தநாள்தோறும் துலாபாரம் நடக்கும். ஒரு தட்டில் அரசன் உட்காருவான். மறுதட்டில் அவன் எடைக்கு எடை வெல்ல மூட்டைகளை அடுக்கி, அந்த வெல்லத்தை ஊராருக்குப் பங்கிடுவார்கள். அரசன் பருக்கப் பருக்கக் குடிமக்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அரசனுக்குத்தான் கொண்டாட்டமில்லை. அரியணையிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவன் தந்தையும் இப்படித்தான் பருத்து, மூச்சுத் திணறி, தலை நரைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். அந்த நினைவு வரும்போதெல்லாம் செண்பகராயன் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அடுத்த பிறந்தநாளுக்குள் நான் இளைக்க வேண்டும்" என்று ஒருநாள் சபையில் அறிவித்தான்.

ராஜவைத்தியர் அமிர்தகடேசர் முந்திக்கொண்டு எழுந்தார். வேளைக்கு ஒரு உருண்டை லேகியம், ஒரு குவளை கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான் உணவு என்றார். அரசன் மளமளவென்று இளைத்தான். சபையோர் வைத்தியரைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஆனால் அரசனுக்குக் கை நடுங்கியது. வழக்குக் கேட்கும்போது தலை சுற்றியது. வணக்கம் சொன்னவனிடமும் எரிந்து விழுந்தான். ஒருநாள் பசி பொறுக்காமல் தானே மடைப்பள்ளிக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டான். போன சதை, தன் சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

பழி தன்மேல் விழுமுன் அதை இறக்கிவைக்க வைத்தியருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. சபையின் விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தான் மருந்து கொடுத்தால் முகம் சுளிக்கும் அரசன், கூத்தபிரான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறானே என்ற எரிச்சல்.

"அரசே! மருந்து வேண்டாம், பட்டினி வேண்டாம், ஒரு பண்டம்கூடக் குறையாமல் அரசரை இளைக்கவைப்பேன் என்று கூத்தபிரான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராமே!" என்றார் வைத்தியர்.

கூத்தபிரான் அப்படிச் சொன்னதே இல்லை. மறுக்க வாயெடுத்தவன் அரசனின் முகத்தைப் பார்த்தான். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைக் கண்டதுபோல் இருந்தது அந்த முகம். மறுக்க மனம் வரவில்லை.

"முயன்று பார்க்கிறேன், அரசே."

"முயற்சி போதாது. துலாபாரத்தில் என் எடை குறையாவிட்டால் நீர் நாட்டைவிட்டுப் போக வேண்டும். என் இலையில் ஒரு பண்டமும் குறையக்கூடாது. சம்மதமா?"

"ஒன்றையும் குறைக்கமாட்டேன். பரிமாறும் இடத்தை மட்டும் நான் தீர்மானிக்கலாமா?"

"அதனால் என்ன? தாராளமாக!" என்றான் அரசன். வைத்தியர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் இலை போட்டார்கள். சோறும் பருப்பும் மட்டும் வந்தன.

"பொரியல் எங்கே?"

மடைப்பள்ளித் தலைவி சொக்கம்மாள் கையைப் பிசைந்தாள். "தோட்டத்துல இருக்குங்க மகாராசா. கெணத்துப் பக்கம் எல போட்டிருக்கு. விகடகவி ஐயாதான் சொன்னாரு."

"வடை?"

"யானைக் கொட்டாரத்துல."

"அதிரசம்?"

சொக்கம்மாள் சன்னல் வழியே மலையைக் காட்டினாள். உச்சியில் முருகன் கோயில் மண்டபம் தெரிந்தது.

அரசன் உறுமினான். "கூத்தபிரானே! ஒன்றையும் குறைக்கமாட்டேன் என்றீரே!"

"குறைக்கவில்லையே அரசே. எல்லாம் சுடச்சுட இருக்கின்றன. இடம் மட்டும்தான் வேறு. அதற்குத் தாங்கள் சபையறிய அனுமதி தந்தீர்கள்."

கொடுத்த வாக்கை மீறும் வழக்கம் அந்த அரசனுக்கு இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தான். அவரைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டு முடித்தபோது, யானைக் கொட்டாரம் வரை போக வேண்டுமா என்று யோசனை வந்தது. அன்று வடையும் இல்லை, அதிரசமும் இல்லை.

சில நாட்களில் யானைக் கொட்டாரம் எட்டிவிட்டது. மலைதான் எட்டவில்லை. அப்போது வைத்தியர் காதோரம் வந்தார். "அரசே, நடந்துதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? பல்லக்கு எதற்கு இருக்கிறது?"

அரசன் துள்ளாத குறையாகப் பல்லக்கில் ஏறினான். பல்லக்கைக் கூத்தபிரான் நினைத்துப் பார்க்கவேயில்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எண்ணியபடி பின்னால் நடந்தான்.

பாதி மலையில் பல்லக்கு ஒருபுறம் சாய்ந்தது. அரசன் திரையை விலக்கிப் பார்த்தான். முன்னால் சுமந்த சுடலை, தோள்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். துணிக்கடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லீங்க மகாராசா, பழகிப்போச்சு. ஆறி வர்றதுக்குள்ள மறுபடி தூக்குற நாள் வந்துருது."

"இறக்கு" என்றான் அரசன். இறங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்தான். "இத்தனை காலம் என் உடம்பு எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன், கூத்தபிரானே."

விகடம் செய்யும் வாய்க்கு அப்போது விகடம் வரவில்லை. "மெல்ல நடக்கலாம் அரசே. மூச்சு வாங்கினால் உட்காரலாம். அதிரசம் எங்கும் ஓடிவிடாது" என்று மட்டும் சொன்னான்.

அன்று அவர்கள் உச்சிக்குப் போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே போனார்கள். மழைநாளில் போகவில்லை. ஒருநாள் அரசன் சலித்துப்போய்த் திரும்பிவிட்டான். கூத்தபிரான் மறுநாளும் வாசலில் வந்து நின்றான். அப்படியே ஒரு நாள் மண்டபம் வந்துவிட்டது. தட்டு நிறைய அதிரசம் இருந்தது. காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி அரசன் ஒன்றை எடுத்து மென்று தின்றான். இரண்டாவதை எடுத்தவன், சிறிது யோசித்து, கூடவே நடந்து வந்திருந்த சுடலையிடம் நீட்டினான்.

"போதும் போலிருக்கிறது" என்றான், தனக்கே வியப்பாக.

நடந்த களைப்பில் அவனுக்கு நேரத்தோடு தூக்கம் வந்தது. பசித்த பிறகு சாப்பிட்டதால் சொக்கம்மாளின் ரசத்தில் மிளகு மணப்பதுகூட அவனுக்குத் தெரிந்தது.

துலாபார நாள் வந்தது. வெல்ல மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். முள் நடுவில் நின்றது. சென்ற ஆண்டு ஏற்றிய எண்ணிக்கையில் ஒரே ஒரு மூட்டை கீழே மிஞ்சியது.

"ஒரே மூட்டைதானா!" வைத்தியர் கடகடவென்று சிரித்தார். "இத்தனை மாதம் நடந்து, ஒரு மூட்டை! என் லேகியம் அரைத் திங்களில் இதைவிட அதிகம் கரைத்ததே!"

"கரைத்தது உண்மை. இது திரும்பி வராமல் கீழேயே இருக்கிறது, அதுவும் உண்மை" என்றான் கூத்தபிரான். "அற்ப மூட்டைதான். அரசே, இந்த வெல்லத்தில் முருகனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும். வைத்தியரே இதைத் தோளில் வைத்து மலைக்குக் கொண்டுவரட்டுமே!"

"நல்ல யோசனை. எடும், வைத்தியரே!" என்றான் அரசன்.

மறுக்க முடியுமா? வைத்தியர் மூட்டையைத் தூக்கினார். நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கியது. பத்துப் படியில் கால் நடுங்கியது. அரசன் அவர் பக்கத்திலேயே ஊர்ச் செய்தி பேசிக்கொண்டு ஏறினான். மலையில் கால்வாசி ஏறியதும் வைத்தியர் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

"அரசே... முடியவில்லை."

"நான் இதைத் தூங்கும்போதும் இறக்கிவைக்காமல் சுமந்தேன், வைத்தியரே" என்றான் அரசன். குரலில் கோபமில்லை. குனிந்து, மூட்டையின் ஒரு முனையைத் தானே பிடித்தான். இருவருமாக மேலே கொண்டுபோனார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "எங்க வெல்லத்துல ஒரு மூட்டை போச்சு! போனா போவுது, ராசா நடக்குறாரே, அது போதும்!"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். உச்சியில் பொங்கல் பொங்கியதும், இடுப்பில் தளர்ந்து தொங்கிய தன் பொன் கச்சையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குக் கட்டினான். அது விகடகவியைச் சுற்றி வந்து, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, பிறகும் நழுவி முழங்காலில் விழுந்தது.

"மன்னிக்க வேண்டும் அரசே" என்றான் கூத்தபிரான், அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு. "இந்தப் பரிசுக்குத் தகுதியாக, நான் பல ஆண்டுகள் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும் போலிருக்கிறது!"

மலை அதிரச் சிரித்தது கூட்டம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் செண்பகராயன்தான். சிரித்து முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கவில்லை.