அட்டாலிக்கு வெச்ச பொரி

தண்ணி குடிச்சாச்சு, ஒண்ணுக்குப் போயாச்சு, இனி எதுக்கும் எந்திரிக்கக் கூடாது அம்மிணி. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டோணும். அத்தை இன்னிக்குக் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுவேன். ஏன்னு கேக்காதே.

ஒரு ஊர்ல ஒரு அட்டாலி இருந்துச்சாம். ராசா இல்லியான்னா? இல்லை, அட்டாலிதான். நம்மூட்டு அடுப்படிக்கு மேல சாமானம் போட்டு வெச்சிருக்கமல்ல, அந்த மாதிரி. அந்த அட்டாலிக்குச் சொந்தக்காரன் ஒருத்தன். மோட்டார் பட்டறைல, கருகுன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டற வேலை. பேரு... சேத்துவெச்சான்னு வெச்சுக்குவோம். அவன் ஒரு பொருளையும் தூக்கிப் போடமாட்டான். ஓடாத மிக்சி மூணு, படம் வராத டிவி ரெண்டு, எந்தப் போனுக்குன்னே தெரியாத சார்ஜர் மஞ்சப்பை நெறைய. புது டிவி வந்த அட்டைப் பொட்டியைக்கூட தெர்மாகோலோட ஏத்தி வெச்சிருந்தான். கேட்டா, வீடு மாத்தறப்ப வேணுமாம். சொந்த வீடு கட்டிக் குடி வந்து ஒம்பது வருசம் ஆச்சு, எங்க மாத்தப் போறான் அவன்? ம் கொட்டு.

அவனுக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு. பொண்ணுக்கு உன்ற வயசுதான். மழை வந்தா நெஞ்சு கீ... கீன்னு இழுக்கும். ஆமா, உனக்காட்டமே. அதுக்கு மருந்துப் புகை வெக்கற மெசின் ஒண்ணு, நெபுலைசர். வெயில் காலத்துல அதுக்கு வேலை இல்லியே, அதனால அதையும் அட்டாலில ஏத்திட்டான்.

அப்புறம் ஒரு நாளு, மேல சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... லொடக். என்னது? எலி! ஒண்ணு ரெண்டு இல்லை, குடும்பமே குடி வந்துருச்சு.

அப்போ பொண்டாட்டி சொன்னா, "ஏனுங்க, அந்தப் பொட்டிய எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுரலாமுங்க."

அவன் சொன்னான், "நமக்கு ஒழைச்ச மெசினுடி. பொறி வை, போயிரும்."

சரின்னு அவ பொறி வெச்சா. மசால் வடை, சுடச்சுட, மாட்டி வெச்சா. அதுல பாதிய இந்த மனுசனே ருசி பாத்துட்டான், அது வேற கதை. காலைல பாத்தா, மிச்ச வடை அப்படியே இருக்குது! எலி கிட்டத்துலகூட வரலை. அவளுக்கு ஒரே ஆச்சரியம். மசால் வடைய வேண்டாங்கற எலி உலகத்துல உண்டா?

அப்புறம் ரெண்டாவது, பசை அட்டை வாங்கிட்டு வந்தா. அட்டாலி ஓரத்துல விரிச்சு வெச்சா. வெள்ளிக்கெழமை பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்கு, அவ கோயலுக்குப் போய்ட்டு வரா, அடுப்படிக்குள்ள "ஐயோ அம்மா"ன்னு ஒரே அலறல். எலி மாட்டிருச்சுன்னு ஓடிப் பாத்தா, சேத்துவெச்சான் ஸ்டூல் மேல நிக்கறான், வலது கைல அட்டை ஒட்டியிருக்குது. அதை எடுக்கறேன்னு எடது கையும் ஒட்டியிருக்குது! சிரிக்காதே, தூக்கம் போயிரும். தேங்காண்ணெய் ஊத்தி ஊத்தி சப்பக்னு பிச்சு எடுத்தா.

"அட்டாலில உங்களுக்கு என்ன சோலி?"ன்னு கேட்டா.

"பல்பு மாத்த ஏறுனேன்"னான். அடுப்படி பல்பு அந்தப் பக்கத்துச் செவுத்துல இருக்குது! அவளும் நம்பித் தொலைச்சா.

அப்புறம் மூணாவது, பக்கத்தூட்டுப் பூனைய எரவல் வாங்குனா. ஏத்தி விட்டா. மியாவ்னுச்சு, தொம்முனு குதிச்சுது, அப்புறம் சத்தமே இல்லை. ஓரமா எட்டிப் பாத்தா, டிவி பொட்டில தெர்மாகோல் மேல சுருண்டு படுத்துத் தூங்குது. அது வால் பக்கத்துலயே எலி ஓடுது. எங்க போய்ச் சொல்லி அழுவறது? ம் சொல்லு... தூங்கிட்டியா? இல்லியா. சரி.

அப்போ வந்துச்சு ஐப்பசி. சோன்னு மழை. பொண்ணுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சுது. கீ... கீ... அவன் ஓடிப்போய் மெசினை எறக்குனான். சுச்சு போட்டான். உர்ர்ர்ர்னு ஓடுச்சு. ஆனா பொக வரலை. ஏன் வரலை? டியூபை எலி மூணு எடத்துல கடிச்சு வெச்சிருக்குது! மூக்குல வெக்கற மூடியப் பாதி தின்னு வெச்சிருக்குது! ஊர் மோட்டாரை எல்லாம் ஓட வெக்கறவன், ஒரு மொழம் டியூபுக்கு வழியில்லாம கைய பெசஞ்சுட்டு நின்னான். பொண்ணு ஒதடு வெளுக்குது. பொண்டாட்டி புள்ளையத் தோள்ல போட்டுட்டுத் தெருவுக்கு ஓடுனா, மழைல ஆட்டோவைக் கை காட்டி நிறுத்துனா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாங்க.

புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. பயப்படாதே. மருந்துப் புகை வெச்சாங்க, நல்லா மூச்சு வந்துருச்சு. கைய குடு இங்க.

அடுத்த நாளு பொண்டாட்டி தானே அட்டாலில ஏறுனா. அங்க என்ன பாத்தா தெரியுமா? ஒவ்வொரு மெசினுக்கும் சந்தனம், குங்குமம். நடுவுல ஒரு பித்தாளைத் தட்டு. தட்டுல பொரிகல்லை, வெல்லக் கட்டி! பட்டறைல வெள்ளிக்கெழமை பொழுதோட மெசினுக்குப் பொட்டு வெச்சு, சாம்பிராணி காட்டி, பொரி வெக்கறது பழக்கம். ஓடற மெசினுக்கு வெக்கறதை இவன் ஓடாத மெசினுக்கும் வெச்சிருக்கான்! அவ கோயலுக்குப் போற நேரமாப் பாத்து, வாராவாரம், ஏறி ஏறி! வெல்லத்தோட பொரி கெடைக்கறப்ப எலி எதுக்கு வடைக்கு வருது? அவ கீழ பொறி வெக்கறா, இவன் மேல விருந்து வெக்கறான். இந்த மனுசனை என்ன பண்றது, நீயே சொல்லு.

அவ திட்டவே இல்லை. தட்டைக் கொண்டாந்து அவன் முன்னால வெச்சா. கடிபட்ட டியூபை அது பக்கத்துல வெச்சா. போயிட்டா. அவனுக்கு அழுகை வந்துருச்சு. அன்னிக்கே மிக்சி, டிவி, அட்டைப்பொட்டி, சார்ஜர் பை, எல்லாத்தையும் பழைய இரும்புக்காரர் வண்டில ஏத்தி விட்டான். புது டியூப் வாங்கி, மெசினை எவர்சில்வர் டிரம்முல போட்டு மூடி வெச்சான்.

ஆனா ஒரே ஒரு பொட்டிய மட்டும் விட்டுப்போட்டான். ஏன்னா? அதுக்குள்ள ஒரு டேபிள் ஃபேன். அவன் வேலை பழகுறப்ப மொதமொதல்ல காயில் கட்டுன ஃபேன். அவங்க அக்கா புள்ளை பெத்து வெக்கைல படுத்திருந்தா, அவளுக்குன்னு ராவெல்லாம் உக்காந்து கட்டுனான். ரெண்டே நாள் ஓடுச்சு, மூணாம் நாள் பொகைஞ்சு போச்சு. அதை மட்டும் போட மனசில்லை அவனுக்கு. நேத்து பொழுதோட அந்தப் பொட்டிக்குள்ள மறுபடி கர்ர்ர்... கர்ர்ர். நாளைக்கு மழைங்கறாங்க.

கேளு அம்மிணி. அந்த ரெண்டு நாள் காத்து அக்காளுக்குப் போதும். அவ ஒரு நாளும் மறக்கலை. அந்தக் கருகுன ஃபேனு அவளுக்கு வேண்டாம், அவளுக்குத் தம்பி மக மூச்சு வேணும். இதை அவன்கிட்ட நேராச் சொன்னா அவன் மூஞ்சி சுருங்கிப் போகுது, அதனாலதான்...

உஸ். அந்த ரூம்ல டிவி சத்தத்தை யாரோ கொறைச்ச மாதிரி இல்லை?

கிறீச்... ஸ்டூல் இழுக்கற சத்தம். டேய் தம்பி, மகுடு, பாத்து ஏறுடா! எலி கடிச்சுப்போடும், கைக்குத் துணி சுத்திக்க!

தொம்.

கேட்டியா? வாசக் கதவு தொறந்துச்சு. ஆமா சாமி, உங்கப்பன்தான். வெளிய வெச்சுட்டு வந்துருவான், நீ எந்திரிக்காதே. பொட்டியும் எறங்கிருச்சு, கதையும் எறங்கிருச்சு. நல்லா மூச்சு இழுத்து விட்டுக் கண்ணை மூடு.