இடுப்பில்லாத ராணிக்கு ஒட்டியாணம்

"ராணியம்மாவ எவனும் அளக்கக் கூடாது! புலவர் பாட்டுல அளவிருக்கு. அதப் பாத்து ஒட்டியாணம் செய். தப்பினா சவுக்கடி!"ன்னு ஜமீன்தார் உறுமிட்டாரு.

ஐயாக்குட்டி ஆசாரி பாட்ட வாங்கிப் படிச்சுப் பாத்தான். பாட்டுல ராணிக்குத் தோளு மூங்கிலு, கண்ணு மீனு, இடுப்பு மட்டும் இல்லவே இல்லியாம்!

மறுநாள் சபையில, குடுத்த தங்கக்கட்டிய அப்படியே தாம்பாளத்துல வச்சு நீட்டினான்.

"எங்கடா ஒட்டியாணம்?"

"இடுப்பு இருந்தால்ல சாமி ஒட்டியாணம்! பாட்டு பொய்யின்னா சவுக்கு எனக்கில்ல, புலவருக்கு."

புலவர் திருதிருன்னு முழிச்சாரு. "அது... ஒரு அழகுக்குச் சொல்றதுப்பா."

"அழகுக்கா?" திரைக்குப் பின்னால ராணியம்மா கத்துனாங்க. "அந்தப் பாட்டு மாதிரி ஆகணும்னு ஒரு வாரமா பட்டினி கெடக்கேனே, பாவி! ஏ, சோறு கொண்டாங்கடி! ஆசாரி, வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு நூல்ல அளந்து அனுப்புறேன். அதுக்குச் செய்!"

ஆசாரி அடிபடாத தன் முதுகத் தடவிக்கிட்டே முழுசா வீடு போய்ச் சேந்தான்.