நடந்துகொண்டே கேட்ட கேள்வி

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது அவருக்கு எழுபத்தொரு வயது. மடத்தின் குரு மங்கையம்மைக்கு நாற்பத்தாறு. குருவைவிட வயதில் மூத்த சீடர்கள் அங்கே புதிதில்லை. மங்கையம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்.

ஆவுடையப்பன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஊரிலிருந்த அறுநூற்று நாற்பது இணைப்புகளின் எண்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இன்றைக்கும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். ஒன்றுகூடத் தப்பாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் மனைவி கோமதிக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தார். கொடுத்தது மறந்துபோய் இன்னொரு தடவையும் கொடுத்தார். கோமதிக்கு வேர்த்துக் கொட்டி நாக்கு குழறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

கோமதிக்கு நான்கு வருஷமாகப் பார்வை இல்லை. பிள்ளைகளும் இல்லை. சோறு பிசைந்து கொடுப்பதிலிருந்து தலை வாரிவிடுவது வரை எல்லாம் ஆவுடையப்பன்தான். கொழுந்தியாள் வடிவைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் மடத்துக்குப் புறப்பட்டு வந்திருந்தார்.

"எங்க அண்ணனுக்கு மறதி வந்து, கடைசில என்னையே யாருன்னு கேட்டான். எனக்கும் அப்படி ஆயிட்டா கோமுவ யாரும்மா பாப்பா? அவ இருக்க வரைக்கும் என் மூளை நல்லா இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மங்கையம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் நடந்தார். ஆவுடையப்பன் பின்னாலேயே போனார்.

குளத்தைச் சுற்றி வர ஒரு மைல் இருக்கும். பாதி வழியில் ஆவுடையப்பன் கேள்வியை மறுபடி ஆரம்பித்தார். அவருக்குப் பேச வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நின்று, கையை விரித்து, நிதானமாகச் சொல்லித்தான் பழக்கம். சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், குரு ஐம்பது அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டார். மறுபடி கேட்டார். மறுபடி நின்றார்.

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் கேக்கது காதுல விழலியா?"

"நின்னுக்கிட்டுக் கேட்டா விழாது, அண்ணாச்சி."

"நடந்துக்கிட்டே கேக்க எனக்கு வரலியே. காலப் பாத்தா பேச்சு போயிருது. பேச்சப் பாத்தா கால் நின்னுருது."

"அதான் ரெண்டு நாளா பாக்கேன்," என்றார் மங்கையம்மை. சொல்லும்போதும் அவர் நிற்கவில்லை.

கரையில் வேர்கள் புடைத்துக் கிடந்தன. ஆடுகள் குறுக்கே வந்தன. நான்காம் நாள் ஆவுடையப்பன் இரண்டு தடவை தடுக்கினார், ஒரு சைக்கிள்காரரிடம் வசவும் வாங்கினார். ஐந்தாம் நாள் ஒரு கேள்வியை முழுசாக நடந்துகொண்டே கேட்டு முடித்தார். அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

குருவும் அன்றுதான் அவரிடம் கேட்டார்.

"ஏதோ நம்பரெல்லாம் மனப்பாடம்னு சொன்னீங்களே?"

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆவுடையப்பன் தொடங்கினார். ஜவுளிக்கடை இருநூற்றுப் பதினான்கு, அரிசி மில் எண்பத்தேழு, மரக்கடை முந்நூற்று ஒன்று. கால் தன் பாட்டுக்கு நடந்தது, வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

"இதுல எந்த நம்பருக்கு இப்ப மணி அடிக்கும்?"

"எதுக்கும் அடிக்காது. அந்த எக்ஸ்சேஞ்சையே எடுத்தாச்சு."

"வடிவு நம்பர் என்ன?"

"செல்லுல இருக்கு."

"உங்க நம்பர்?"

ஆவுடையப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"வடிவுக்கு, பாக்காம நம்பரப் போட்டுப் பேசுங்க," என்றார் குரு.

பத்து இலக்கம் என்ன பிரமாதம் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். முதல் நாள் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறி, சிவகாசியில் யாரோ எடுத்தார்கள். அடுத்த நாளும் அதே ஆள். "ராங் நம்பர்னு நேத்தே சொன்னேன்லா, எத்தன தடவதான் சொல்லுதது?" என்று கத்தினார். முப்பத்தைந்து வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவருக்கு இந்தத் திட்டு தேவைதானா? சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அந்தப் பத்து இலக்கத்தையே முனகிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் நடந்துகொண்டே கேட்டார்.

"இதெல்லாம் செஞ்சா மறதி வராதுல்லா?"

"அப்படி யாரும் சொல்ல முடியாது. தினம் நடந்தவங்களுக்கும் வந்திருக்கு."

"பின்ன எதுக்கு நடக்கணும்?"

"உக்காந்த இடத்துலயே இருந்தவங்களுக்குச் சீக்கிரமா வந்ததையும் பாத்திருக்கேன்."

ஆவுடையப்பனுக்கு மனசு கனத்துப் போனது. ஆனாலும் அவர் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் எண் சரியாக விழுந்தது. வடிவு எடுத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"அத்தான், அக்காகிட்டயே குடுக்கேன், பேசுங்க."

"என்னங்க, நல்லா இருக்கீங்களா?" கோமதியின் குரல் தெளிவாக இருந்தது. "இன்னைக்குப் புளிக்கொழம்பு வைக்கோம். புளி நான்தான் கரைச்சேன். சொவரப் பிடிச்சிக்கிட்டு வாசல் வரைக்கும் தனியாப் போயிட்டு வந்தேன், இருவத்திரெண்டு எட்டு வைக்கணும். காலைல மாத்திரை போட்டாச்சு. டப்பாவுல கைய விட்டுத் தடவி எண்ணிட்டேன், இன்னும் பதினேழு இருக்கு."

"ஐயையோ, அடுப்புக் கிட்டயா போன? நீ உக்காரு கோமு. ஒண்ணும் செய்யாண்டாம், உக்காரு. நாளைக்கு நான் வந்து எல்லாம் பாத்துக்கிடுதேன்."



"சரிங்க," என்றாள் கோமதி. குரல் இறங்கியிருந்தது.

ஆவுடையப்பன் போனைப் பையில் போட்டார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாம்மா? ஒரு இலக்கங்கூடத் தப்பல. கால் ஒரு எடத்துலகூட நிக்கல."

"பாத்தேன்."

"இந்த நடையையும் விட மாட்டேன், புதுசு புதுசா மனப்பாடம் பண்ணுததையும் விட மாட்டேன். கோமுக்காக எத வேணாலும் செய்வேன். வீட்டுக்குப் போய் இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மங்கையம்மை நடந்துகொண்டே கேட்டார்.

"இப்ப அவங்ககிட்ட 'உக்காரு'ன்னு சொன்னீங்களே, ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுவீங்க?"

ஆவுடையப்பன் உண்மையாகவே யோசித்தார்.

"அவ எந்திரிக்கப் போகும்போதெல்லாம் சொல்லுவேன். நாப்பது, அம்பது தடவ இருக்கும்."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

"அத மட்டும் மறந்துருங்க, அண்ணாச்சி."