கட்டில் காலில் கட்டிய கயிறு

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு. அதை ஆண்டவன் இடும்பராயன். மனசு குளிர்ந்தால் யானையையே தானம் கொடுப்பான். சுள்ளென்று ஏறிவிட்டால் வாங்கியவனை அதே யானையின் காலில் போடுவான்.

அந்த வருஷம் உப்பளத் தெருவில் விஷக் காய்ச்சல். படுத்தவர்களுக்கு ஆளுக்கொரு படி நெல் என்று உத்தரவாயிற்று. நல்ல உத்தரவுதான். ஆனால் அளந்து போட்டவர் களஞ்சிய அதிகாரி தில்லைநாயகமல்லவா!

ஒரு நாள் காலையில் காத்தாயி என்பவள் கைக்குழந்தையோடு சபைக்குள் ஓடிவந்தாள்.

"சாமி! என் புருஷன் காய்ச்சலில் பிதற்றுறான். விட்டால் கடலைப் பார்த்து ஓடுறான். ராப்பகலா பிடிச்சுக்கிட்டே கிடக்கேன். உப்பு வாருறது ஜோடி வேலை. நான் போகாததால என் ஜோடிக்காரிக்கும் கூலியில்லை. எனக்குச் சோறில்லாம பிள்ளைக்குப் பாலும் வத்திப்போச்சு!"

"காய்ச்சல் உனக்கா? கிண்ணென்று நிற்கிறாயே!" என்றார் தில்லைநாயகம். "படுத்தவனுக்குத்தான் படி. நிற்கிறவளுக்கு எதற்கு?"

"பலே!" என்று தொடையைத் தட்டினான் அரசன். கேட்டால் வயிறு எரிகிறதா இல்லையா?

அமைச்சர் பூவராகர் எழுந்தார். அவர் வாயைத் திறந்தாலே தில்லைநாயகத்துக்குப் புகையும்.

"அரசே, இன்று நீங்கள் நோயாளியாகப் படுங்கள். உங்களால் எவனெவன் வேலை கெடுகிறதோ, அவனைக் கட்டில் காலோடு கயிற்றால் கட்டுகிறேன். சோறு மட்டும் படுத்தவருக்கே."

"நடிப்பா? ஜமாய்க்கிறேன் பார்!"

அரசன் முனகிக்கொண்டு படுத்தான். வைத்தியருக்கு ஒரு கயிறு. விசிறி வீசுகிறவர்களுக்கு ஒவ்வொன்று. அழுதுகொண்டு உட்கார்ந்த ராணிக்கு ஒன்று. "அரசே, கால் பிடிக்கட்டுமா?" என்று குழைந்து வந்த தில்லைநாயகத்துக்கும் ஒன்று!

உச்சிவேளையில் அரசனுக்கு மட்டும் இலை விழுந்தது. தில்லைநாயகத்தின் வயிறு கடமுடா என்றது.

"எனக்கு...?"

"காய்ச்சலா ஐயா? கிண்ணென்று இருக்கிறீரே!" என்றார் பூவராகர்.

சாப்பிட்டு எழுந்த அரசனுக்குக் கால் வைக்க இடமில்லை. அறை முழுக்கக் கயிறு. ஒன்று சன்னல் வழியாக வெளியே போய் விறைத்து நின்றது.

"அடப்பாவி, இது எங்கே போகிறது?"

"கோட்டை வாசலுக்கு. சபை நடக்காததால் வழக்குக்கு வந்தவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட ஆளில்லை."

அரசன் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "நான் ஒருத்தன் சும்மா படுத்ததற்கா இத்தனையும்?"

"காத்தாயி புருஷன் சும்மா படுக்கவில்லை, அரசே."

அரசனுக்குச் சுள்ளென்று ஏறியது. "தில்லைநாயகம்! கயிற்றையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு உப்பளத் தெருவுக்கு நட. காய்ச்சல்காரர் பாய் ஒவ்வொன்றிலும் இதேபோல் கட்டிவிட்டு வா!"

பொழுது சாயும்போது அவர் வெறுங்கையோடு திரும்பி, சபை நடுவே தொப்பென்று உட்கார்ந்தார்.

"கட்டினாயா?"

"மூன்றாம் வீட்டிலேயே கயிறு தீர்ந்துபோச்சு, அரசே. அளம் பூராவும் உப்பு வாராமல் கிடக்கிறது."

அரசன் சட்டென்று எழுந்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகருக்குப் போட்டான்.

"களஞ்சியத்தைத் திற! தெரு முழுக்க நெல் போகட்டும். மூட்டையை நீயே சுமக்கணும், தில்லைநாயகம்!"

முதல் மூட்டை காத்தாயி வீட்டுக்குப் போனது. திமிறும் புருஷனை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுப்புப் பக்கம் இறக்குங்க ஐயா. எனக்குக் கை ஒழியலை."

தில்லைநாயகம் மூட்டையை இறக்கினார். பிறகு மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, நெல்லை உரலில் கொட்டி, உலக்கையை எடுத்தார்.