ரஹ்மத் பீவி வீட்டுக் கதவு

குருவைவிடச் சீடருக்கு இருபத்தாறு வயது அதிகம். இதில் குருவுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சீடருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

குருவின் பெயர் ரெஜினா. மதுரையில் ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். வாரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு, கரண்டு பில் கட்டி மாளாதவர்கள் வீட்டுக்குப் போவார். எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்லுவார். அதற்குக் காசு வாங்குவதில்லை. தெருவே அவரை டீச்சர் என்று கூப்பிட்டது.

சீடர் தணிகாசலம். முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆயிரம் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். மீட்டர் பெட்டியைத் தாண்டி ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. இந்தக் கரண்டெல்லாம் உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது என்று பார்க்கும் ஆசை அவருக்கு ஓய்வுக்குப் பிறகுதான் வந்தது.

வந்த ஆசை சும்மா விடுமா? ஆறு மாதம் கேள்வி கேட்டே குருவின் உயிரை எடுத்தார்.

"ஃபிரிட்ஜைச் சுவரோட ஒட்டி வச்சா என்ன டீச்சர்?"

"உங்களைச் சுவரோட ஒட்டி நிக்க வச்சா முதுகு வேர்க்காதா அண்ணே?"

இப்படித்தான் பாடம் நடந்தது.

ஒரு நாள் ரெஜினா சொன்னார்: "ரஹ்மத் பீவி அக்கா வீட்டுக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகப் பார்க்கப் போகும் முதல் வீடு.

ரஹ்மத் பீவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கணவர் சிக்கந்தர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்தது. போன கோடையில் வெக்கையில் முதுகெல்லாம் புண். ஏ.சி. இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏ.சி. வந்ததும் புண் ஆறியது, பில்தான் எகிறியது.

"அடுத்த பில்லும் இப்படியே வந்தா ஏ.சி.யைக் கழட்டிக் குடுத்துற வேண்டியதுதான் சார்," என்றார் ரஹ்மத் பீவி. "அப்புறம் அவுக முதுகை நான் எப்படிப் பாக்குறது?"

தணிகாசலம் சிக்கந்தர் படுத்திருந்த ஏ.சி. அறையில் ஓர் ஊதுபத்தி கேட்டு வாங்கிப் பற்றவைத்தார். ஜன்னல் ஓரம், சுவர் ஓரம் எல்லாம் கொண்டுபோனார். புகை நேராக ஏறியது. கதவுக்குக் கீழே கொண்டுவந்ததும் விழுந்தடித்து வெளியே ஓடியது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது; அந்த இடுக்கில் கூடத்துத் தையல் மெஷின் தெரிந்தது. கதவு மூடிவிடாமல் இருக்க அடியில் யாரோ துணியை மடித்துச் செருகியிருந்தார்கள்.

"மாட்டிக்கிச்சு!" என்றார்.

"அந்தத் துணி, அவுகளுக்காக..." என்று ரஹ்மத் பீவி ஆரம்பித்தார். அதற்குள் தணிகாசலம் துணியை உருவி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. தானாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு ஸ்பிரிங். சாத்திப் பார்த்தார். புகை அசையவில்லை.

"பத்து நாள்ல பாருங்கம்மா," என்று சொல்லிவிட்டு, கண்டுபிடித்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் நடையே தனி.

பத்து நாள் கழித்து மீட்டரைப் பார்த்தார். முன்னே நாளைக்குப் பதினொரு யூனிட் ஓடியது. இப்போது பதிமூன்று.

நேராக ரெஜினா கடைக்கு ஓடினார்.

"டீச்சர், அந்த வீட்டு மீட்டர்ல ஏதோ கோளாறு."

ரெஜினா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அண்ணே, முப்பது வருஷமா இதைச் சொன்ன ஜனங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

தணிகாசலம் அசடு வழிந்தார். மீட்டர் பொய் சொல்லாது என்பதைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

இரண்டு பேரும் போனார்கள். கூடத்தில் தையல் மெஷின் இல்லை. அறைக் கதவைத் தள்ளினால், கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை. மேஜையில் ரஹ்மத் பீவி ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அட என்னம்மா இது!" தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ.சி. ரூம்ல இஸ்திரிப் பெட்டியா? அது குளுத்த, இது கொதிக்க, ரெண்டும் நாள் பூரா மல்லுக்கட்டுது. பில் ஏறாம என்ன செய்யும்?"

ரஹ்மத் பீவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கதவை அடைச்சது நீங்கதானே சார்? அவுக கூப்பிடணும்னா கரண்டியால கட்டிலைத் தட்டுவாக. கதவை அடைச்ச மறுநாள் தண்ணி குடிக்கையில புரையேறிருக்கு. தட்டிருக்காக. மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல. உள்ளே வந்து பாத்தா கண்ணு ரெண்டும் சொருகிக் கெடக்காக. அதுக்கப்புறமும் நான் வெளியே உக்காந்து தைப்பேனா?"

தணிகாசலம் தான் உருவி எறிந்த துணியைத் தேடினார். "துணியை வேணா திரும்பச் செருகிடுவோம்," என்றார் மெல்ல.

"அப்ப ஏ.சி.யைக் கழட்டவா?" என்றார் ரஹ்மத் பீவி.

ரெஜினா ஒரு முக்காலியைக் கட்டில் ஓரம் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, இதுல உக்காருங்க. தலையைச் சாச்சு அவர் தலையணை மேல வைங்க."

"எதுக்கு டீச்சர்?"

"வைங்க."

வைத்தார். ரெஜினா ரஹ்மத் பீவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஏ.சி. இரைந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. தணிகாசலத்துக்குக் கழுத்து வலித்தது. வெளியே ஆள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்றே தெரியவில்லை.

கதவு திறந்தது.

"என்ன தெரிஞ்சது?"

"கதவு."

"வேற?"

"கதவுதான் டீச்சர். வேற என்ன இருக்கு இங்க?"

சிக்கந்தர் பாதி வாயால் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று என்று ரஹ்மத் பீவி பின்னால் சொன்னார்.

தணிகாசலம் கழுத்தைத் தடவிக்கொண்டு கதவையே பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இதை அறுத்துட்டுக் கண்ணாடி போட்டா? கதவு சாத்தியே இருக்கும், அந்தப் பக்கமும் தெரியும். கைக்கு எட்டுற மாதிரி ஒரு காலிங் பெல்லும் வச்சிடலாம். மெஷின் சத்தத்துலயும் கேக்கும்."

"எந்த உயரத்துல போடுவீங்க?" என்றார் ரெஜினா.

"ஆள் உயரத்துலதான்..." என்று தன் மூக்குக்கு நேராகக் கையை வைத்தவர் நிறுத்திக்கொண்டார். கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க பாய்."

சிக்கந்தர் இடது கையைத் தூக்கினார். கொஞ்சம் கீழே. இன்னும் கீழே. அங்கே. ரஹ்மத் பீவி தையல் சாக்கட்டியால் கோடு போட்டார்.

ஆசாரி வந்து ஒரே நாளில் வேலையை முடித்தார். மெஷினும் இஸ்திரி மேஜையும் கூடத்துக்குத் திரும்பின, கண்ணாடிக்கு நேராக.

மறுபடி பத்து நாள். தணிகாசலம் மீட்டரை மூன்று தடவை பார்த்தார். நாளைக்கு ஏழு யூனிட்.

"அப்ப ஏ.சி. இருக்கட்டுமா சார்?" என்றார் ரஹ்மத் பீவி.

"இருக்கட்டும்மா. தாராளமா இருக்கட்டும்."

ரஹ்மத் பீவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து உடனே பெல் அடித்தது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

"இடுக்கைக் கண்டுபிடிச்சது நான்தானே டீச்சர். பின்ன எங்கே தப்பு பண்ணேன்?"

"நோட்டுல என்ன எழுதினீங்க?"

அவர் புரட்டிப் படித்தார். "கதவிடுக்கு வழியாகக் குளிர் வெளியே போகிறது."

"அது சரியாத்தான் இருக்கு, கோடு போட்டு அடிச்சிடாதீங்க," என்றார் ரெஜினா. "அதுக்குக் கீழே, அதே இடுக்கு வழியா உள்ளே என்ன வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதுங்க."