வேதவல்லி கேட்ட சலங்கை

"'இன்னும் வரலைக்கா, இன்னும் வரலைக்கா.' போன வாரமும் இதே பாட்டு, அதுக்கு முந்தின வாரமும் இதே பாட்டு. வேற பாட்டே தெரியாதா டீச்சர் உங்களுக்கு?"

வேதவல்லி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. குழந்தைகளை அம்மாக்கள் வந்து கூட்டிப் போய்விட்டார்கள்.

நாட்டிய டீச்சர் சாருமதி, தாளம் தட்டிய தட்டுக்கழியை மனைக்கட்டைமேல் வைத்தாள். மாணவியைவிட இருபது வயது சின்னவள். அதனால் திட்டும்போதும் அக்கா என்றுதான் திட்டுவாள்.

"வரலைன்னா வரலைன்னுதானேக்கா சொல்ல முடியும்?"

"எனக்குப் பின்னாடி சேர்ந்த வாண்டெல்லாம் சலங்கை கட்டி மேடை ஏறி இறங்கிடுச்சு. நான் மட்டும் அஞ்சு வருஷமா அதே முதல் பாடம், தட்டடவு. தரையை இடிக்க வந்த ஆளா நான்?"

"அதுங்க அம்மாக்களுக்குப் போட்டோ வேணும். கட்டி விட்டேன். உங்களுக்கும் போட்டோ போதும்னா சொல்லுங்க, இப்பவே கட்டறேன்."

வேதவல்லிக்குச் சுருக்கென்றது. போட்டோவுக்கு ஆசைப்பட்டிருந்தால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருப்பாள். சோறு வடித்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, 'இந்த வயசில் குதிக்கப் போறியா' என்று புருஷன் சிரித்த சிரிப்பையும் வாங்கிக்கொண்டு எதற்கு வந்தாள்?

"தை பிறந்ததும் முழங்கால் ஆபரேஷன் டீச்சர்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் முட்டியை மடக்கி அரைமண்டியில உட்காரவே கூடாதாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சலங்கையோட ஆடணும். நல்லா ஆட எத்தனை வருஷம்தான் ஆகும்? அதையாவது சொல்லுங்க. என்கிட்ட அத்தனை இருக்கான்னு பாத்துக்கறேன்."

சாருமதி எழுந்தாள். நடராஜர் காலடியில் கிடந்த மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தாள். சலங்கை. வார் காய்ந்து விறைத்திருந்தது.

"யாருது?"

"என்னுது. இடது கால் சரியில்லைன்னு என் குரு ஒருநாள் அவிழ்க்கச் சொன்னார். 'வந்ததும் நானே கட்டி விடறேன்'னார். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார்."

"இத்தனை நாளா கட்டவே இல்லையா நீங்க?"

"வந்துடுச்சுன்னு யார் சொல்லணும்? குழந்தைங்க சொல்லுமா?"

சலங்கையை வேதவல்லியின் மடியில் வைத்தாள்.

"உங்க கண்ணு நல்ல கண்ணு. பாருங்க. வந்துடுச்சுன்னு பட்டா என் கால்ல கட்டி விடுங்க. அடுத்த நிமிஷம் உங்களுக்கு நான் கட்டி விடறேன். வரலைன்னா, ரெண்டு பேரும் தட்டுவோம்."

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்?"

"என்ன தெரியுமோ அதைப் பாருங்க."

சாருமதி தரையைத் தொட்டுக் கும்பிட்டு அரைமண்டியில் அமர்ந்தாள். ஆடியது வேறொன்றுமில்லை. அதே தட்டடவு. தெய்யா தெய். தெய்யா தெய்.

வலது பாதம் முழுசாக விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தைக் கேட்கவே இன்னும் அஞ்சு வருஷம் வரலாம் என்று வேதவல்லிக்குத் தோன்றியது. அப்போதுதான் இடது பாதத்தைப் பார்த்தாள். விரல்கள் முந்தின. குதிகால் ஒரு கண்ணிமைப்பு பிந்தி வந்தது. வேகத்தைக் கூட்டிய இரண்டாம் காலத்திலும் பிந்தியது. மூன்றாம் காலத்திலும். இத்தனை காலமும் தன் காலுக்கு வாங்கிய திட்டு அது. அடுத்தவர் காலில் தெரியாமல் போகுமா?

தெரிந்திருக்க வேண்டாம் என்றிருந்தது.

சாருமதி நிறுத்தினாள். மூச்சு வாங்க வந்து எதிரில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டினாள். பாதம் சிவந்து கிடந்தது.

"சொல்லுங்கக்கா."

வாய்க்கு வாய் பேசுகிறவள், மடியில் இருந்த மணிகளில் ஒன்றை விரலால் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சுப் போட்டால் போதும். மேடை, விளக்கு, எல்லாம் கிடைத்துவிடும். தலை நிமிரவில்லை.

சாருமதி பாதங்களை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். குரல் கெஞ்சியது.

"கட்டி விடுங்கக்கா."